ஸ்டீயரிங் ஹெட்: சுக்கான் கழுத்து

பெட்ரோல் டாங்குக்கு முன்னால், முகப்பு விளக்குக்குப் பின்னால், வண்டிச் சட்டத்தின் நுனியில் ஒரு குட்டைக் குழாய் சற்றே சாய்ந்து நிற்கும். கைப்பிடியைத் திருப்பும்போது, முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் முன்கவையின் தண்டு இந்தக் குழாய்க்குள்தான் சுழல்கிறது. பி.எஸ்.ஏ., டிரையம்ப், நார்ட்டன் போன்ற பழைய பிரிட்டிஷ் மோட்டார் சைக்கிள்களின் கையேடுகள் இதை 'ஸ்டீயரிங் ஹெட்' என்கின்றன. 'ஹெட்ஸ்டாக்' என்ற பெயரும் உண்டு. தமிழில் இதைத் 'திசைமாற்றித் தலை' என்று சொல்லுக்குச் சொல் பெயர்த்துவிடலாம்தான். ஆனால் அந்தப் பெயர் பழுது இருக்கும் இடத்திலிருந்து கண்ணை வேறெங்கோ திருப்பிவிடும்.

'ஸ்டீயர்' கடலோடிகளின் சொல். கப்பலைச் செலுத்துவதைக் குறித்த பழைய ஆங்கில வினை அது. ஆங்கிலத்தில் கப்பலின் வலப்பக்கத்துக்குப் பெயரான 'ஸ்டார்போர்டு' இதன் உடன்பிறப்பு. கப்பலைத் திருப்பும் துடுப்பு அந்தக் காலத்தில் வலப்பக்கத்தில் கட்டப்பட்டிருந்ததால் வந்த பெயர். நம்மிடம் உள்ள 'சுக்கான்' என்பதும் கடல்வழியே வந்ததுதான். அரபு மொழியின் 'சுக்கான்'. வேற்றுமொழிச் சொல் ஆயிற்றே என்று தயங்குவோருக்குத் 'திசைமாற்றி' இருக்கிறது. என் தேர்வு சுக்கான்தான். தலைமுறை தலைமுறையாகத் தமிழ் வாயில் புழங்கித் தேய்ந்த சொல் அது. சொன்னவுடன் கையில் ஒரு பிடி தட்டுப்படுகிறது.

'ஹெட்' சைக்கிளிலிருந்து வந்தது. டிரையம்ப், பி.எஸ்.ஏ., ராயல் என்ஃபீல்டு எல்லாமே மோட்டார் சைக்கிளுக்கு முன்பு சைக்கிள் செய்தவை. சைக்கிளின் முன்குழாய்க்கு 'ஹெட் டியூப்' என்று பெயர். மிதிவண்டியில் எஞ்சினைப் பூட்டியபோது, குழாயோடு பெயரும் உள்ளிருந்த அமைப்பும் சேர்ந்தே வந்தன. அந்த அமைப்பு மேலே ஒரு கிண்ணம், கீழே ஒரு கிண்ணம், அவற்றில் உட்காரும் கூம்புகள், இடையில் உதிரியான எஃகுக் குண்டுகள், அவ்வளவுதான். சைக்கிளுக்குப் போதுமான இந்த ஏற்பாட்டை, அதைவிடப் பல மடங்கு எடையும் வேகமும் கொண்ட வண்டிகளிலும் பல ஆண்டுகள் வைத்திருந்தார்கள். பழுதின் வேர் பெரும்பாலும் இங்கேதான்.

தமிழில் ஏன் கழுத்து? திரும்புவது தலை, திருப்புவது கழுத்து. விளக்கும் கைப்பிடியும் தலையாகத் திரும்ப, உடலோடு அவற்றை இணைத்துச் சுழலவிடுகிறது இந்தக் குழாய். அமெரிக்க ஓட்டிகள் இதே உறுப்பை 'நெக்' என்று சொல்வதும் உண்டு. ஆகவே, சுக்கான் கழுத்து.

அதற்குள் சுழலும் தண்டுக்கு இன்னும் நல்ல சொல் நம்மிடம் ஆயத்தமாக இருக்கிறது: குடுமி. கீல் இல்லாத பழைய மரக்கதவுகள் மேலும் கீழும் நீட்டிய முளைகள் குழியில் சுழல்வதால் திறக்கும். அந்த முளைக்குக் குடுமி என்று பெயர். உச்சி என்ற பொருளும் அதற்கு உண்டு, மலையுச்சியும் குடுமிதான். மேலும் கீழும் குழியில் அமர்ந்து, முழுச் சுற்றுச் சுற்றாமல் இப்படியும் அப்படியுமாக மட்டும் திரும்பும் தண்டுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் எனக்குத் தெரியவில்லை.

பட்டறைப் பேச்சில் இந்த அமைப்பு முழுவதும் 'கோன்செட்'. கிரேக்க மொழியில் ஊசியிலை மரத்தின் காயைக் குறித்த 'கோனோஸ்' லத்தீன் வழியாக ஆங்கிலத்துக்குப் போய் 'கோன்' ஆனது. குண்டுகளை நம் மெக்கானிக்குகள் 'பால்ரஸ்' என்கிறார்கள். இதில் சுவையான ஓர் இடமாற்றம் நடந்திருக்கிறது. 'ரேஸ்' என்பது ஆங்கிலத்தில் குண்டைக் குறிப்பதில்லை, குண்டு ஓடும் பள்ளத்தைக் குறிக்கிறது. ஓட்டம், நீரின் பாய்ச்சல் என்று பொருள்பட்ட பழைய நார்ஸ் சொல்லின் வழிவந்தது. பள்ளத்தின் பெயர் நம்மிடம் குண்டுக்குப் போய்விட்டது. பள்ளத்தை 'ஓடுதடம்' என்று சொல்லலாம். ஏனென்றால் நோய் வருவது அங்கேதான்.

வண்டியை நடுத்தாங்கியில் நிறுத்தி முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்குங்கள். இரண்டு விரலால் கைப்பிடியை மெல்ல இடவலமாகத் திருப்புங்கள். நேராக வரும்போது ஏதோ ஒரு குழியில் விழுந்ததுபோல் அது தானாக நின்றால், ஓடுதடத்தில் வடு விழுந்துவிட்டது. முதன்முதலில் நான் பிரித்த கழுத்தில், கீழ்க்கிண்ணத்தைத் துணியால் துடைத்துவிட்டு நகத்தை ஓட்டிப் பார்த்தேன். குண்டுக்கு ஒன்றாகச் சிறு சிறு பள்ளங்கள் வரிசையாக நகத்தில் இடறின. நேராகப் போகும்போது குண்டுகள் நகராமல் ஒரே இடத்தில் நிற்கின்றன. சாலையின் ஒவ்வொரு குழியும் அவற்றை அதே இடத்தில் அறைகிறது. கிரீஸும் அந்த இடத்திலிருந்து பிதுங்கி விலகிவிடுகிறது. கீழ்த்தடமே அதிகம் அடிவாங்கும். இந்த வடுவுக்கு ஆங்கிலத்தில் 'பிரினெலிங்' என்று பெயர். எஃகில் குண்டை அழுத்தி, பதிந்த தடத்தை அளந்து கடினத்தைக் கணிக்கும் முறையை 1900இல் வெளியிட்ட சுவீடன் நாட்டு யோகான் பிரினெலின் பெயரால் வந்தது. தமிழில் 'குண்டுத்தழும்பு' என்று வைத்துக்கொள்ளலாம்.

பிடிமானம் தளர்ந்திருந்தால் அடையாளம் வேறு. முன்பிரேக்கைப் பிடித்தபடி வண்டியை முன்னும் பின்னும் தள்ளினால் 'டொக்' என்று ஒலி வரும். ஓட்டும்போது முன்பக்கம் ஆடுவதற்கு டயரையும் காற்றழுத்தத்தையும் குறைசொல்லிக்கொண்டு வாரக்கணக்கில் அலைபவர்கள் உண்டு. கைப்பிடிக்கு நடுவே, அதன் உதறலை அடக்குவதற்காக இருக்கும் தணிப்பிக் குமிழை இறுக்கி ஆட்டத்தை மறைப்பவர்களும் உண்டு. அது ஆபத்தான பழக்கம். நோய் உள்ளே வளர்ந்துகொண்டே போகும்.

குண்டுத்தழும்பு விழுந்த கழுத்துக்குக் குண்டுகளை மட்டும் மாற்றிப் பயனில்லை. புதிய குண்டும் பழைய பள்ளத்தில்தான் விழும். கிண்ணம், கூம்பு, குண்டு எல்லாவற்றையும் சேர்த்தே மாற்ற வேண்டும். கிண்ணத்தில் கிரீஸைப் பூசிக் குண்டுகளை ஒவ்வொன்றாக ஒட்டவைக்க வேண்டும். கால் அங்குலக் குண்டா, அதைவிடச் சிறியதா, எத்தனை என்பது மாதிரிக்கு மாதிரி மாறும். கையேட்டின் எண்ணிக்கையே சரி. கடைசியில் சிறு இடைவெளி மிச்சமிருக்கிறதே என்று இன்னொன்றைத் திணிக்கக் கூடாது. நெருக்கி அடைத்த குண்டுகள் உருளாமல் ஒன்றையொன்று தேய்க்கும்.

குண்டுக்குப் பதில் கூம்புருளைத் தாங்கி, அதாவது ஒரு பக்கம் குறுகிய உருளைகள் கொண்ட பேரிங், போடலாமா? ஹென்றி டிம்கன் 1898இல் காப்புரிமை பெற்ற வடிவம் அது. சட்டத்துக்குள்ளேயே எண்ணெய் வைத்த 1971இன் பி.எஸ்.ஏ., டிரையம்ப் 650 வண்டிகளில் தொழிற்சாலையே அதைப் பொருத்தியது. குண்டு ஒரு புள்ளியில் தொடுகிறது. உருளை ஒரு கோட்டில் தொடுகிறது. சுமை பரவுவதால் தழும்பு எளிதில் விழாது. பழைய சட்டத்தில் போடும்போது மட்டும் உயரம் மாறிவிடுகிறதா, கவை முழுதாகத் திரும்புகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

கவையின் இரு கால்களையும் மேலே பிணைக்கும் மேல்நுகத்தின் இறுக்கு போல்ட்டைத் தளர்த்திவிட்டுத்தான் சரிசெய்யும் நட்டைத் தொட வேண்டும். ஆட்டம் துளியும் இருக்கக் கூடாது. அதே நேரம் சக்கரம் தூக்கிய நிலையில் கைப்பிடியை மெல்லத் தொட்டால் தன் எடையாலேயே பக்கவாட்டில் சாய வேண்டும். புதிய கிண்ணங்கள் ஓட ஓட இன்னும் கொஞ்சம் உள்ளே அமரும். சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் முன்பிரேக்கைப் பிடித்து, வண்டியைத் தள்ளி, மறுபடி காது கொடுத்துக் கேளுங்கள்.