மெய்யா, பொய்யா? ஜப்பானிய வாளுக்குள் ஒளிந்திருக்கும் கையொப்பம்

ஜப்பானிய வாளின் கைப்பிடியில் சின்னதாக ஒரு மூங்கில் ஆணி இருக்கும். அதைத் தட்டி எடுத்தால் பிடி கழன்று கையோடு வந்துவிடும். உள்ளே இருப்பது பளபளப்பு துளியும் இல்லாத, கறுத்துப்போன துருப்பிடித்த இரும்பு. இதற்கு நகாகோ என்று பெயர். கொல்லர் தன் பெயரை உளியால் வெட்டி வைப்பது இங்கேதான். அந்தப் பொறிப்பை ஜப்பானிய மொழியில் 'மெய்' என்கிறார்கள். போலியாக வெட்டினால் 'கிமெய்'. நம் காதுக்கு மெய்யிலேயே பொய் கலந்ததுபோல் ஒலிக்கிறது.

பெயரைப் பொறுத்து வாளின் விலை பல மடங்கு ஏறும் என்பதால் போலிகளுக்குப் பஞ்சமே இல்லை. 17ஆம் நூற்றாண்டில் எடோ நகரில் (இன்றைய டோக்கியோ) வாழ்ந்தவர் நாகசோனே கொதெட்சு. கவசம் செய்துகொண்டிருந்தவர், நடுவயதுக்கு மேல் வாள் செய்ய வந்தார். கொதெட்சு என்ற பெயரைப் பார்த்தாலே போலி என்று நினைத்துக்கொள் என வாள் பிரியர்கள் சொல்வது இன்றும் வழக்கம்.

சரி, எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

வாளின் வெட்டும் வாயைக் காய்ச்சித் தண்ணீரில் முக்கிக் கடினமாக்குவார்கள். நகாகோவைக் கடினமாக்காமல் விட்டுவிடுவார்கள். அதனால்தான் அதில் உளி இறங்குகிறது. கொல்லர் முதலில் அரத்தால் ராவி ஒழுங்கான கோடுகள் போடுவார். அப்புறம் உளியை வைத்துச் சுத்தியால் தட்டித் தட்டி நகர்த்துவார். எழுத்தின் ஒரு கோட்டைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால், ஆப்பு வடிவத்தில் சின்னச் சின்னக் குழிகள் வரிசையாகத் தெரியும். குழியிலிருந்து பிதுங்கிய இரும்பு இரண்டு கரையிலும் வரப்புபோல எழும்பி நிற்கும். உளியின் தலையணை என்று இதை அழகாகச் சொல்கிறார்கள். பிடியை நூற்றுக்கணக்கான ஆண்டுகளாகப் போட்டுக் கழற்றியதில் இந்த வரப்பு மழுங்கிப்போயிருக்கும். தொட்டால் விரலில் கூர்மையாகப் படுகிறதென்றால் சந்தேகப்பட வேண்டும்.

அடுத்தது துரு. பெயரை வெட்டிய அன்றே மேற்பரப்பும் குழியும் சேர்ந்து துருப்பிடிக்கத் தொடங்குகின்றன. எனவே உண்மையான பொறிப்பில் குழியின் அடிவரைக்கும் அதே ஆழ்ந்த கரும்பழுப்பு நிறம் இருக்கும். பெயரில்லாத பழைய வாளில் பின்னாளில் ஒருவர் பெயர் வெட்டினால், உளி அந்தத் துருவைக் கிழித்துப் புது இரும்பை வெளியே கொண்டுவரும். ரசாயனம் தடவி அதை மறைப்பார்கள். அவசரமாக வரவழைத்த துரு பெரும்பாலும் செம்மண் நிறத்தில், திட்டுத் திட்டாக இருக்கும். நகாகோவை யாரும் தேய்த்துச் சுத்தம் செய்யக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்வது இதனால்தான். தேய்த்தால் சாட்சியம் போய்விடும்.

ஆனால் துருவை மட்டும் நம்பிவிட முடியாது. 200 ஆண்டுகளுக்கு முன் வெட்டிய போலியும் 200 ஆண்டு துருப்பிடித்திருக்குமே! எடோ காலத்தின் (1603–1868) இறுதியில் கஜிஹெய் என்ற கொல்லர் கொதெட்சுவின் பெயரைப் போலியாக வெட்டுவதில் பேர்போனவர். அப்படிப்பட்ட கையை எழுத்தை வைத்துத்தான் பிடிக்க வேண்டும். நகாகோமேல் மெல்லிய தாளை விரித்து, மைக்கட்டியால் தேய்த்துப் படி எடுப்பார்கள். இதற்கு ஒஷிகதா என்று பெயர். அதைச் சந்தேகத்துக்கு இடமில்லாத பழைய படிகளோடு ஒப்பிடுவார்கள். கொதெட்சு தன் பெயரில் வரும், 'புலி' என்று பொருள்படும் எழுத்தை வெட்டும் விதத்தை 1664 வாக்கில் மாற்றிக்கொண்டார். முன்பு கடைசிக் கோட்டைச் சுழித்து மேலே தூக்கியவர், பின்பு பெட்டிபோலச் சதுரமாக வெட்டினார். வாளின் பாணி ஒரு காலத்தையும் புலி இன்னொரு காலத்தையும் காட்டினால் மேலும் தோண்டிப் பார்க்க வேண்டியதுதான். இதிலும் ஒரு சிக்கல் உண்டு: குருவின் அனுமதியோடு சீடரே குருவின் பெயரை வெட்டுவது வழக்கத்தில் இருந்தது. கை வேறாக இருந்தும் அது போலி ஆகாது.

பெயர் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதும் முக்கியம். வாளை இடுப்பில் அணியும்போது வெளியே தெரியும் பக்கத்தில்தான் பெயர் வெட்டுவது பொது வழக்கம். ஹிசென் என்ற ஜப்பானிய மாகாணத்தின் தாதயோஷி கொல்லர் பரம்பரையினரோ தங்கள் கதானா எனும் நீண்ட வாள்களில் மறுபக்கத்தில் வெட்டினார்கள். இது தெரியாத போலிக்காரர் பொது வழக்கப்படி வெட்டி மாட்டிக்கொள்வார். நீளமான பழைய வாள்களை அடிப்பக்கம் வெட்டிக் குறைத்ததும் உண்டு. அப்படிக் குறைக்கும்போது பெயர் அடியில் ஒதுங்கிவிடும், இல்லையென்றால் போயே போய்விடும். குறைத்த வாளில் புது ஆணித்துளைக்குக் கீழே பெயர் பாந்தமாக அமர்ந்திருந்தால் அது பெரும்பாலும் பின்னாளில் வந்த பெயர்தான்.

இத்தனைக்கும் பிறகு, தேர்ந்த நிபுணர்கள் பெயரைக் கடைசியில்தான் பார்க்கிறார்கள். நகாகோவைத் துணியால் மூடிவிட்டு, வாளின் வளைவையும், மடித்து மடித்து அடித்த எஃகில் மரவரிபோல ஓடும் தடங்களையும், வாயோரம் வெண்பனிபோல நெளியும் கோட்டையும் பார்த்துக் கொல்லர் யாரென்று சொல்லப் பழகுகிறார்கள். இந்தக் கலையில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். பெயரைப் போலி செய்யலாம். ஒரு கொல்லரின் எஃகை முழுதாகப் போலி செய்வது மிகக் கடினம்.

1948இல் தொடங்கிய ஜப்பானியக் கலைவாள் பாதுகாப்புச் சங்கம், கிமெய் என்று முடிவாகும் வாளுக்குச் சான்றிதழ் தருவதில்லை. அதனால் சிலர் பொய்ப் பெயரை அரத்தால் ராவி அழித்துவிட்டு மறுபடி விண்ணப்பிக்கிறார்கள். எனக்கு இதில் மனம் ஒப்பவில்லை. பெயரோடு சேர்ந்து அதைச் சுற்றியிருந்த பழைய துருவும் ராவிய கோடுகளும் போய்விடுகின்றன. அந்தப் பெயர் பொய்யில்லை என்று நாளை யாராவது நிரூபிக்க வந்தால், காட்டுவதற்கு அங்கே ஒரு வழவழப்பான பள்ளம்தான் இருக்கும்.