பூங்காவில் ஃபிளட்லைட் மைதானம்: சட்டம் எதை அனுமதிக்கிறது, எதை எப்போது கேட்க வேண்டும்

தெருமுனைப் பூங்காவில் டர்ஃப் (செயற்கைப் புல்) போட்டு நான்கு மூலையிலும் விளக்குக் கம்பம் நடப்போகிறார்கள் என்ற பேச்சு வந்ததுமே குடியிருப்பு இரண்டாகப் பிரிந்துவிடும். நடைப்பயிற்சிக்காரர்கள் ஒரு பக்கம், பந்து உதைக்க இடமில்லாத பிள்ளைகள் மறுபக்கம். சண்டைக்கு முன்னால் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. அந்த நிலம் பதிவேட்டில் என்னவென்று எழுதப்பட்டிருக்கிறது?

தமிழ்நாட்டில் பூங்காக்கள், விளையாட்டுத் திடல்கள், திறந்தவெளிகள் ஆகியவற்றைக் காப்பதற்கென்றே 1959-இல் ஒரு சட்டம் வந்தது. உள்ளாட்சி அமைப்பு பட்டியல் தயாரித்து வெளியிட வேண்டும். பட்டியலில் உள்ள இடத்தை வேறு பயனுக்கு மாற்ற அரசின் முன் அனுமதி வேண்டும். பூங்காவும் விளையாட்டுத் திடலும் அதில் தனித்தனி வகை. மனை வணிகர் தானமாகக் கொடுத்த ஓ.எஸ்.ஆர். (திறந்தவெளி ஒதுக்கீடு) நிலமென்றால் பதிவு செய்த தானப் பத்திரமும் மனைப்பிரிவு வரைபடமும் இருக்கும், அவற்றையும் பாருங்கள்.

பெங்களூரில் பூங்காவுக்கு ஒதுக்கிய இடம் தனியார் மருத்துவமனைக்குப் போனதை உச்ச நீதிமன்றம் 1991-இல் ரத்து செய்தது. எதிர்ப்பாளர்கள் இந்தத் தீர்ப்பை அடிக்கடி நீட்டுவார்கள். ஆனால் விளையாட்டும் பொழுதுபோக்குதான். திடல் என்ற ஒரே காரணத்துக்காக எதுவும் நின்றுவிடாது. வேலி போட்டு, கட்டணம் வைத்து, ஒப்பந்ததாரர் கையில் சாவி போகும்போதுதான் வாதம் வலுக்கிறது. 2024-இல் சென்னை மாநகராட்சி தன் செயற்கைப் புல் கால்பந்துத் திடல்களைத் தனியாரிடம் விட்டு, ஆளுக்கு மணிக்கு 120 ரூபாய் வாங்கத் தீர்மானித்தது. எதிர்ப்பு கிளம்பியதும் அதைக் கைவிட்டது.

ஆவணங்களுக்குத் தகவல் உரிமை மனு போடுங்கள். கட்டணம் 10 ரூபாய். நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். "ஏன் கட்டுகிறீர்கள்" என்று கேட்டால் பதில் வராது, ஏனென்றால் இந்தச் சட்டம் தருவது ஆவணத்தை, விளக்கத்தை அல்ல. மன்றத் தீர்மானம், மதிப்பீடு, விளக்கு வரைபடம், டெண்டர் நிபந்தனை, 1959 சட்டப் பட்டியலில் அந்த இடத்தின் பதிவு என்று பெயர் சொல்லி நகல் கேளுங்கள். பதில் தர 30 நாள் அவகாசம். 2 கோடி ரூபாய் வரையிலான வேலைக்கு டெண்டர் அவகாசம் 15 நாளே இருக்கலாம் என்பதால், பேச்சு அடிபடும்போதே மனு போய்ச் சேர வேண்டும். அதே சமயம் ஏரியா சபை எனப்படும் வார்டுப் பகுதி மக்கள் கூட்டத்தில் கோரிக்கையை எழுத்தில் கொடுத்து, நடவடிக்கைக் குறிப்பில் ஏற்றச் சொல்லுங்கள். கவுன்சிலரிடம் வாய்வார்த்தையாகச் சொன்னதற்குச் சாட்சி கிடையாது.

அளவையும் கணக்குப் போட்டுப் பாருங்கள். 40 மீட்டருக்கு 20 மீட்டர் திடலுக்குச் சுற்றிலும் 3 மீட்டர் விட்டால் 1,196 சதுர மீட்டர். ஒரு ஏக்கர் பூங்காவில் அது கிட்டத்தட்ட 30 சதவீதம். நடைபாதை, நிழல் மரங்கள், மழைநீர் இறங்கும் மண் எல்லாம் மிச்ச இடத்தில் அடங்க வேண்டும்.

இரைச்சலுக்கு 2000-ஆம் ஆண்டு விதிகள் உண்டு. குடியிருப்புப் பகுதியில் காலை 6 முதல் இரவு 10 வரை 55 டெசிபல், அதன்பின் 45. பலர் சறுக்குமிடம் இது: வரம்பைத் தொட்டதுமே புகார் செல்லாது, 10 டெசிபல் கூடியிருக்க வேண்டும். மாலையில் விசிலும் கூச்சலும் 65-ஐத் தொட வேண்டும் என்று பொருள். இரவு நேரக் கட்டுப்பாட்டை மீறினால் இந்தக் கணக்குத் தேவையில்லை. 10 மணிக்குப் பிறகு திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. பள்ளி அருகில் இருப்பதாலேயே அமைதி மண்டலம் ஆகிவிடாது. 2017 திருத்தத்துக்குப் பின் அரசு தனியாக அறிவித்திருக்க வேண்டும்.

வெளிச்சத்துக்கு இப்படியொரு விதி நம்மிடம் இல்லை. ஆகவே டெண்டரில் எழுதி வாங்குவது மட்டுமே வழி. பயிற்சிக் கால்பந்துக்குத் தரையில் 75 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) போதும். 200, 300 என்று மதிப்பீட்டில் இருந்தால் காரணம் கேளுங்கள். புறநகர்க் குடியிருப்பு ஜன்னலில் 10 லக்ஸுக்கு மேல் விழக்கூடாது, பின்னிரவில் 2 லக்ஸ் என்பது சர்வதேச ஒளியூட்டல் ஆணையத்தின் (CIE) பரிந்துரை. அதையே நிபந்தனையாக்கலாம்.

"கம்பம் குட்டையாக இருக்கட்டும்" என்று குடியிருப்போர் கேட்பது வழக்கம். அது அவர்களுக்கே கேடு. குட்டைக் கம்பத்திலிருந்து நடுத்திடல் வரை வெளிச்சம் எட்ட விளக்கை மேல்நோக்கிச் சாய்க்க வேண்டும், அந்த ஒளி எதிர்வீட்டுப் படுக்கையறைக்குப் போகும். உயரமான கம்பத்தில் தட்டைக் கண்ணாடி விளக்கைத் தரையைப் பார்க்கக் கவிழ்த்து வைத்தால் கண்கூச்சம் குறையும். அணைப்பதை ஆளிடம் விடாதீர்கள். 9 மணிக்கோ 10 மணிக்கோ தானே அணையும் டைமர் பூட்டிய பெட்டிக்குள் இருக்கட்டும், சாவி மாநகராட்சிப் பொறியாளரிடம்.

கம்பம் நடுவதற்கு முன் ஓர் இரவும், விளக்கு எரிந்த முதல் வாரத்தில் ஓர் இரவும் ஜன்னலுக்கு இணையாக லக்ஸ் மீட்டரைப் பிடித்து அளந்து எழுதி வையுங்கள். கைபேசிச் செயலி தோராயமாகத்தான் காட்டும். அளந்து காட்டிய பிறகே கடைசித் தவணை என்று டெண்டரில் ஒரு வரி இருந்தால், ஒப்பந்ததாரரே ஏணியோடு வந்து விளக்கைத் திருப்பி வைப்பார்.