கட்டில் உள்ளே, ரீச்சர் விறாந்தையில்

ஒரு ஆவணி மாதம், திருகோணமலை உவர்மலையில் ஓய்வுபெற்ற ரீச்சர் ஒருவரின் வீட்டுக்கு என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். வெளிநாட்டிலிருக்கும் மகள் கைபேசியில் அனுப்பிய படத்தைப் பார்த்து அவருடைய படுக்கையறையைப் புதிதாக்கியிருந்தார்கள். சாம்பல் நிற வெல்வெட் திரை, தடித்த தரைவிரிப்பு, பளபளக்கும் சற்றின் விரிப்பு, ஆறு குஷன். படத்தில் இருந்த மாதிரியே வந்திருந்தது. ரீச்சர் மட்டும் விறாந்தையில் பன்பாய் போட்டுப் படுத்தார்.

"உள்ளுக்க படுத்தா அவிச்சு எடுக்குது, பிள்ளை. ஏ.சி.யைப் போட்டா மூக்கடைக்குது" என்றார்.

வீடுகளின் உள்ளலங்காரம் என் தொழில். படுக்கையறை என்றால் எல்லோரும் முதலில் நிறத்தைத்தான் கேட்பார்கள். நான் கேட்பது வேறு: இந்தத் துணியை மாரியில் எங்கே காயப்போடுவீர்கள்?

ரீச்சரின் விரிப்பைக் கடையில் 'சில்க் சற்றின்' என்று சொல்லிக் கொடுத்திருந்தார்கள். சற்றின் என்பது ஒரு நெசவின் பெயர், எந்த நூலிலும் நெய்யலாம். இது முழுக்கப் பொலியெஸ்ரர். 'மைக்ரோபைபர்' என்று விற்பதும் பெரும்பாலும் அதுவே. 20 பாகை செல்சியஸ் வெப்பமும் 65 சதவீத ஈரப்பதமும் உள்ள காற்றில் பருத்தி தன் உலர்ந்த எடையில் ஏறத்தாழ 8 சதவீதம் ஈரத்தை வாங்கி வைத்திருக்கும். லினன் 12 சதவீதம் அளவில் வாங்கும். பொலியெஸ்ரர் அரைச் சதவீதத்தையும் எட்டாது. அதில் படுத்தால் வியர்வை போக இடமில்லாமல் முதுகுக்கும் துணிக்கும் நடுவே நிற்கும். பாட்டியின் பழஞ்சேலையைப் போர்த்தியபோது இருந்த சுகத்துக்குக் காரணமும் இதுதான். நூறு தரம் கழுவி இளகிய பருத்தி அது.

சந்தேகமென்றால் துணியின் ஓரத்தில் நாலு நூலை உருவி, சாவணத்தால் பிடித்து, தண்ணீர்ச் சட்டிக்கு மேலே வைத்துக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி கடதாசி எரிந்த மணத்தோடு மெல்லிய சாம்பலாக உதிரும். பொலியெஸ்ரர் சுருண்டு உருகி, ஆறியதும் மணிபோல இறுகும். கலப்பில் இரண்டும் தெரியும். கடைக்குள் நின்று கொளுத்திவிட்டு என் பெயரைச் சொல்ல வேண்டாம்.

'1000 நூல்' என்ற விளம்பரத்துக்கும் மயங்காதீர்கள். ஒரு சதுர அங்குலத்தில் நெடுக்காகவும் குறுக்காகவும் ஓடும் நூல்களின் கூட்டுத்தொகை அது. முறுக்கிய நூலைப் பிரித்து ஒவ்வொரு புரியையும் எண்ணினால் தொகை தானாக ஏறும். எங்கள் புழுக்கத்துக்கு 200, 300 உள்ள சாதா நெசவே திறம்.

திரைக்கு நான் அதிகம் எடுப்பது மருதமுனைக் கைத்தறி. முதல் தரம் எடுத்தபோது கழுவாமலே தைத்துத் தொங்கவிட்டேன். முதல் கழுவலில் 7 அடித் திரை 4 அங்குலம் ஏறிவிட்டது. அந்த வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லவில்லை, திரையின் அடியில் தெரிந்த சுவரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். இப்போது துணியை நனைத்து, காயவைத்த பிறகுதான் கத்தரிக்கோல். வளையம் பித்தளையோ மரமோ இருக்கட்டும். இரும்பென்றால் கடற்காற்றில் துருப்பிடித்துத் துணியில் கறை இறக்கும். மேற்குப் பக்க யன்னலுக்கு இரட்டைத் துணி போடுவேன், கச்சான் காற்று பகலில் சூட்டையும் புழுதியையும் கொண்டுவருவது அந்தப் பக்கத்தால். கிழக்குக்கு மெல்லியது போதும்.

இயற்கை நார் என்றாலே நல்லது என்ற நினைப்பும் எனக்கு ஒருகாலம் இருந்தது. நிலாவெளியில் ஒரு விடுதியின் கீழ்த்தளத்து அறைக்குச் சணல் விரிப்புப் போட்டேன். கார்த்திகை மழையில் அது ஈரச் சாக்கு மணம் மணந்து, அடியில் பூஞ்சணம் பிடித்தது. காசைத் திருப்பிக் கொடுத்தேன். அதற்குப் பிறகு கடற்கரை வீடுகளில் தரையை வெறுமையாகவே விடச் சொல்கிறேன். விரிக்கத்தான் வேண்டுமென்றால் பன்பாய், அதையும் காலையில் சுருட்டி நிமிர்த்தி வையுங்கள்.

தரைவிரிப்பை நான் விடாமல் எதிர்ப்பதற்கு இன்னொரு காரணம் தூசி உண்ணி. கண்ணுக்குத் தெரியாத இந்தச் சிற்றுயிர் தண்ணீர் குடிப்பதில்லை, காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சியே வாழும். எங்கள் ஊரில் அதற்குப் பஞ்சமா? தொய்வு (ஆஸ்துமா) உள்ளவர்களுக்கு அதன் கழிவு ஆகாது. விரிப்பையும் தலையணை உறையையும் 60 பாகைச் சுடுநீரில் கழுவினால் அது சாகும். தரைவிரிப்பை எந்த அண்டாவில் போடுவது?

தலையணைக்கு இலவம் பஞ்சை விட்டுவிடாதீர்கள். அதன் நார் உள்ளே வெறுங்குழல், மேலே மெழுகுப் பூச்சு. தண்ணீர் இலேசில் ஒட்டாது. ஒருகாலத்தில் கப்பல்களின் உயிர்காப்பு அங்கிகளுக்குள் அடைத்தது இதைத்தான். ஆனால் கட்டிபடும். பஞ்சைக் கழுவாமல், வெய்யிலில் போட்டுத் தட்டி உதிர்த்து எடுக்க வேண்டும். மழைக்கு முன், புரட்டாதிக்குள், வீட்டிலுள்ள தலையணை முழுவதையும் ஒரு தரம் வெய்யில் காட்டிவிடுவது என் வழக்கம்.

கடலோரம் இருப்பவர்களுக்கு ஒன்று. காற்று அடிக்கும் நாளில் கடலைப் பார்த்துத் துணி காயப்போட்டால் உப்புப் படியும். உப்பு இரவில் ஈரத்தை இழுக்கும். காய்ந்த விரிப்பு பிசுபிசுப்பது அதனால். வீட்டின் மறுபக்கத்தில் கொடி கட்டுங்கள்.

ரீச்சரின் அறைக்குப் பெரிய செலவு வரவில்லை. வெளுக்காத பருத்தி விரிப்பு மூன்று (ஒன்று கட்டிலில், ஒன்று கொடியில், ஒன்று அலுமாரியில்), கைத்தறித் திரை, இரண்டு இலவம் பஞ்சுத் தலையணை, பழைய நுளம்புவலை. குஷன் ஆறையும் மகன் கொண்டுபோனார். நிறம் என்று நான் எதையும் தேர்ந்தெடுக்கவில்லை, துணியின் நிறமே அறையின் நிறமானது. மகளுக்குப் படம் அனுப்பியபோது "என்னம்மா, ஒண்டுமே இல்லாத மாதிரிக் கிடக்கு" என்று கேட்டாளாம்.

தைப் பொங்கலுக்குப் போனேன். பாய் விறாந்தைச் சுவரில் சுருட்டிச் சாத்தியிருந்தது. வாசலில் மகனின் மோட்டார் சைக்கிள் வெல்வெட் திரையைப் போர்த்திக்கொண்டு நின்றது.