ஃபெயிலோவர் என்னும் சொல்லும் அதன் தமிழும்

காரைக்குடி வட்டாரத்தில் நெட்வொர்க் வேலை பார்ப்பவர்கள் ரிடன்டன்சி, ஃபெயிலோவர் என்னும் இரண்டு சொற்களையும் ஒரே மூச்சில் சொல்வதால், இரண்டுக்கும் பொருள் ஒன்றே என்ற எண்ணம் புதிதாக வருபவர்களிடம் படிந்துவிடுகிறது. நெட்வொர்க்கில் தரவைக் கடத்தும் ஒரு ரவுட்டரோ சுவிட்சோ பழுதானால் அதன் வேலையைச் செய்ய இன்னொன்றை முன்கூட்டியே நிறுத்தி வைத்திருப்பது ரிடன்டன்சி. பழுது நேர்ந்ததும் அந்த இன்னொன்று, ஆள் தலையிடாமல், வேலையைத் தானே எடுத்துக்கொள்வது ஃபெயிலோவர்.

ரிடன்டன்சியின் வேர், கரைமீறிப் பெருகி வழிதலைக் குறிக்கும் ‘ரெதுந்தாரே’ என்ற இலத்தீன் வினை. அதனுள் இருக்கும் ‘உந்தா’ அலையைக் குறிக்கும். ‘மிகைமை’ என்ற தமிழாக்கம் அந்த வேருக்கு உண்மையாகவே இருக்கிறது. ஆனால் மிகைபடக் கூறலைப் பத்துக் குற்றங்களுள் ஒன்றாக நன்னூல் வைத்த மொழியில், மிகை என்றாலே வேண்டாதது என்ற நிழல் விழுகிறது. ‘மிகைச் சுவிட்ச்’ வாங்கப் பணம் கேட்டால் எந்த முதலாளியும் கையெழுத்துப் போடமாட்டார். ‘மாற்றிருப்பு’ என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

ஃபெயிலோவர், ஆங்கிலத்தின் சேஞ்சோவர், ஸ்விட்சோவர் என்பனவற்றின் வார்ப்பில் வந்த சொல். அதைத் ‘தோல்வி மாற்றம்’ என்று பெயர்த்தால் தோல்வியே வேறொன்றாக மாறுவதுபோல ஒலிக்கிறது. ‘கைமாற்று’ என்றும் சிலர் எழுதிப் பார்க்கிறார்கள். வட்டிக்கடை மரபு ஊறிய செட்டிநாட்டில் அது பத்திரமில்லாக் கடனையே நினைவூட்டும்.

தகுந்த சொல் இந்த ஊர்த் தொழில் மரபிலேயே இருக்கிறது. பர்மாவிலும் மலேயாவிலும் கடை வைத்திருந்த நகரத்தார், அதை நடத்தும் மேலாளுக்குக் கீழே ‘அடுத்தாள்’ ஒருவரை வைத்திருந்தார்கள். முதலெழுத்துகளால் அமைந்த ‘விலாசம்’தான் கடையின் பெயர், மேலாள் ஊர் திரும்பி வேறொருவர் பொறுப்பேற்றாலும், கொடுக்கல் வாங்கல் அந்த விலாசத்தோடுதான். ரவுட்டர்களும் இப்படித்தான் இயங்குகின்றன: பொறுப்பிலிருக்கும் கருவி மாறினாலும், கணினிகள் நாடும் பொது முகவரி மாறுவதில்லை. ஆகவே ஸ்டாண்ட்பை நிலையில், தயாராகக் காத்து இருக்கும் கருவியை ‘அடுத்தாள்’ என்றும், ஃபெயிலோவரைப் ‘பொறுப்பேற்பு’ என்றும் சொல்லலாம்.

எடுத்துக்காட்டாக, ரவுட்டரின் வேலையையும் செய்யும் இரண்டு லேயர் 3 சுவிட்சுகளுக்கு 192.168.10.2, 192.168.10.3 என்று சொந்த முகவரிகள் இருக்க, கணினிகளுக்கோ 192.168.10.1 என்ற பொது முகவரி மட்டுமே கேட்வேயாக, அதாவது வெளியே போகும் வாசலாகத் தெரியும். பொறுப்பு மாறும்போது, புதிதாக ஏற்ற சுவிட்ச் அந்தப் பொது முகவரிக்குரிய மேக் முகவரி (உள் நெட்வொர்க்கில் கருவியை அடையாளம் காட்டும் எண்) இனி தன் பக்கம் என்று, இவ்விரு முகவரிகளையும் இணைத்துச் சொல்லும் ஏஆர்பி செய்தியால் அறிவிப்பதால், கணினிகளில் எதையும் திருத்த வேண்டியதில்லை. இந்தப் பொறுப்பேற்பை நடத்தும் நெறிமுறைகள் இரண்டைப் பார்ப்போம். சிஸ்கோ நிறுவனத்தின் ஹெச்எஸ்ஆர்பியில், ‘உயிரோடு இருக்கிறேன்’ என்னும் ஹலோ செய்தி இயல்பாக 3 நொடிக்கு ஒருமுறை போகும். 10 நொடி மௌனமானால் அடுத்தாள் பொறுப்பேற்கும். எந்த நிறுவனத்துக்கும் பொதுவான விஆர்ஆர்பியில் அறிவிப்பு 1 நொடிக்கு ஒருமுறை என்பதால், பொறுப்பேற்பு 3 நொடிக்குச் சற்று மேல்தான் எடுக்கும்.

நடைமுறையில் பலர் தடுக்கி விழும் இடம், பொறுப்பு யாருக்கு என்பதைத் தீர்மானிக்கும் முன்னுரிமை எண்; எண் கூடியதற்கே முதலிடம். ஒரு சுவிட்சுக்கு ‘ஸ்டாண்ட்பை 10 ப்ரையாரிட்டி 110’ கொடுத்து, மற்றதை இயல்பான 100-இல் விட்டு, வெளியிணைப்பு அறுந்தால் 20 குறையும்படி, அந்த இணைப்பைக் கவனிக்கும் டிராக்கிங்கும் வைத்தாயிற்று என்று கொள்வோம். இணைப்பு அறுந்ததும் எண் 90 ஆகும். ஆனால் அந்தச் சுவிட்ச் உயிரோடுதான் இருக்கிறது, ஹலோவும் அனுப்பிக்கொண்டே இருக்கிறது. ஆகவே 100 வைத்திருக்கும் அடுத்தாளிலும் ‘ப்ரீஎம்ப்ட்’ என்ற கட்டளை இருந்தால்தான் அது முந்திக்கொண்டு பொறுப்பேற்கும். ஹெச்எஸ்ஆர்பியில் அக்கட்டளை இயல்பாக அணைந்திருக்கும். விஆர்ஆர்பியில் இயல்பாகவே இயங்கும். ஏற்பாடு சரிதானா என்பதை ‘ஷோ ஸ்டாண்ட்பை ப்ரீஃப்’ காட்டும் வரியில் ‘பி’ (P) என்ற எழுத்து இருக்கிறதா என்று பார்த்தே அறியலாம்.

விஆர்ஆர்பியின் பழைய ஆவணங்களில் பொறுப்பிலிருக்கும் ரவுட்டருக்கு ‘மாஸ்டர்’ என்று பெயர். 2024-இல் வெளிவந்த ஆர்எஃப்சி 9568 என்ற இணைய நெறிமுறை ஆவணம் அதை ‘ஆக்டிவ்’ என்று மாற்றிவிட்டது. தமிழில் ‘பொறுப்பாள்’ என்று எழுதினால், பழைய ஆவணத்துக்கும் புதியதற்கும் அதுவே பொருந்தும்.