யானை வயிற்றில் ஒரு தேரை

புளியரையிலிருந்து ஓர் ஆசிரியை எழுதியிருக்கிறார். திருவிழாக் கடையில் மண் யானை ஒன்று வாங்கினாராம். முதுகுக் குழியில் மண் நிரப்பிச் செடி வைக்கிற யானை. செடி சுமாராகத்தான் வருகிறது. ஆனால் கீழே காலியாக இருக்கும் வயிற்றறைக்குள் ஒரு தேரை குடியேறிவிட்டது. பங்குனி வெயில் இந்தப் போடு போடுகிறது, பக்கத்தில் குட்டை இல்லை, அது தண்ணீர் குடித்து யாரும் பார்த்ததில்லை. எப்படி உயிரோடு இருக்கிறது என்று கேட்கிறார். "கல்லுக்குள்ள இருக்கிற தேரைக்கே படியளக்கிறவன் இதுக்கு அளக்க மாட்டானா" என்று அவர் மாமியார் வழக்கை முடித்துவிட்டாராம்.

அளப்பது யாராகவும் இருக்கட்டும். எந்தப் படியால் அளக்கிறார் என்று நாம் பார்ப்போம்.

முதலில் வாசல். செங்கோட்டைப் பக்கம் நான் அடிக்கடி போய் உட்காரும் ஒரு வேளார் வீடு, மண்பாண்டம் செய்கிறவர் வீடு, உண்டு. குதிரையும் யானையும் செய்துகொண்டிருந்தவர், இப்போது செடி வைக்கக் கேட்கிறார்கள் என்று ஆமை, ஆந்தை எல்லாம் செய்கிறார். போன மாதம் போனபோது இன்னும் சுடாத பச்சை மண் யானை ஒன்றின் பின்னங்கால்களுக்கு நடுவே கட்டைவிரலால் ஓட்டை போட்டுக்கொண்டிருந்தார். "இது எதுக்கு அண்ணாச்சி, தவளைக்கா?" என்றேன்.

"தவளைக்கு எவன் தம்பி வீடு கட்டுதான்? இது தீக்கு. ஓட்டை விடலேன்னா சூளைக்குள்ள வெடிச்சு, பக்கத்துல இருக்கதையும் சேர்த்து உடைச்சிரும்."

அவர் சொன்னது நல்ல இயற்பியல். நிழலில் நாள்கணக்காக உலர்த்தினாலும் பச்சை மண்ணில் ஈரம் மிச்சம் இருக்கும். சூளையில் 100 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் அது ஆவியாகும். ஒரு பங்கு தண்ணீர் ஏறத்தாழ 1,700 பங்கு நீராவியாக விரியும். 500 டிகிரிக்கு மேல் போனால், களிமண் துகளின் கட்டமைப்பிலேயே பிணைந்திருந்த தண்ணீரும் கழன்று வெளியேறுகிறது. அதற்குப் பிறகு அது மண் இல்லை, சுடுமண். எத்தனை நாள் ஊறப்போட்டாலும் மறுபடி குழையாது. வயிற்றுக்குள் சேரும் ஆவி வெளியே போக வழி வேண்டும், அதற்குத்தான் ஓட்டை. அய்யனார் கோயில் மண்குதிரைகளின் உடம்பிலும் இப்படிப்பட்ட ஓட்டைகளைப் பார்க்கலாம். இப்போது வாங்குகிறவர்களே கேட்பதால், அண்ணாச்சி அதைக் கைமுட்டி நுழையும் அளவுக்கு அகட்டி விடுகிறார்.

கண்ணுக்குத் தெரியும் ஓட்டை இது. தெரியாத ஓட்டைகள் சுவர் முழுக்க இருக்கின்றன. மண்ணோடு கலந்த உமி எரிந்து விட்டுப்போன இடைவெளிகள், துகளுக்கும் துகளுக்கும் நடுவே உள்ள மைக்ரோமீட்டர் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவுச் சந்துகள். செடிக்கு ஊற்றும் தண்ணீர் இவற்றின் வழியே கசிந்து சுவரை நனைக்கிறது, வெளிப்பக்கம் ஆவியாகிறது. பானைத் தண்ணீர் ஏன் குளிர்கிறது என்ற பள்ளிப் பாடத்தை விரிவாகச் சொல்லப் போவதில்லை. ஒரு கணக்கு மட்டும்: ஒரு கிராம் தண்ணீர் ஆவியாகப் போகும்போது சுமார் 580 கலோரி வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. 58 கிராம் தண்ணீரை 10 டிகிரி குளிர்விக்க அது போதும்.

காற்று 35 டிகிரி, ஈரப்பதம் 35 சதவீதம் என்றால், நனைந்த சுவர் ஏறக்குறைய 23 டிகிரி வரை இறங்க இடமுண்டு. நடைமுறையில் அவ்வளவு இறங்காது, ஆனால் தொட்டால் தெரியும். ஆடிச் சாரலில் 30 டிகிரியும் 85 சதவீத ஈரப்பதமுமாக இருக்கும்போது எல்லை 28 டிகிரிதான். ஆரியங்காவுக் கணவாய் வழியாக ஈரக்காற்று வரும் நாள்களில் எங்கள் பக்கம் பானைத் தண்ணீர் சப்பென்று இருப்பது இதனால்தான். மெருகு பூசிய பளபளப்பான பீங்கான் யானைக்கு இந்த வித்தை தெரியாது. அந்த மெருகு கண்ணாடிப் படலம், சந்துகளை அடைத்துவிடும். பார்க்க அழகு, தேரைக்கு அடுப்பு.

இனி எனக்குப் பிடித்த இடம். தேரை வாயால் தண்ணீர் குடிப்பதில்லை. உட்கார்ந்து குடிக்கிறது.

இங்கிலாந்துக்காரரான ராபர்ட் டவுன்சன் 1790களில் ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் மரத்தவளைகளை வளர்த்து எடைபோட்டுப் பார்த்தார். வாயே வைக்காமல், ஈரத்தின் மேல் உட்கார்ந்தே அவை எடை கூடின. அடிவயிற்றிலும் தொடையின் உள்பக்கத்திலும் தோல் மெல்லியது, அடியில் ரத்தக் குழாய்கள் நெருக்கமாக ஓடும். தாகம் எடுத்த தேரை பின்னங்கால்களை அகட்டி, அந்தத் தோலை ஈரத்தில் அழுத்திக்கொள்ளும். பந்தியில் சப்பணமிட்டு உட்காருகிற மாதிரி. அதே நேரத்தில் உடலில் ஒரு ஹார்மோன் சுரக்கிறது. நம் சிறுநீரகத்தில் தண்ணீரை மீட்டுத் தரும் ஹார்மோனுக்கு அது ஒன்றுவிட்ட சகோதரன். அதன் கட்டளையில், செல்லுக்குள் சுருட்டி வைத்திருந்த அக்வாபோரின் என்ற புரதக் குழாய்கள் செல்லின் மேற்பரப்புக்கு வந்து பொருந்துகின்றன. ஒரு குழாயில் தண்ணீர் மூலக்கூறுகள் ஒற்றை வரிசையில்தான் போக முடியும். ஆனாலும் நொடிக்கு 100 கோடி அளவில் போகின்றன. இந்தப் புரதக் குடும்பத்தைக் கண்டறிந்ததற்காகப் பீட்டர் ஆக்ருக்கு 2003இல் வேதியியல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

சரி, யானை வயிற்றில் குட்டை எங்கே இருக்கிறது? ஈரச் சுவர்தானே? அங்கேதான் ஒரு கயிறிழுப்புப் போட்டி நடக்கிறது.

தேரையின் ரத்தத்தில் உப்பும் பிறவும் கரைந்திருப்பதால் சவ்வூடுபரவல் முறையில் அது தண்ணீரை இழுக்கிறது. அந்த இழுப்பு 5 முதல் 6 வளிமண்டல அழுத்தத்துக்குச் சமம். மறுமுனையில் சுடுமண். நுண்புழை விசையால் அதுவும் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கிறது. சந்து எவ்வளவு குறுகலோ பிடி அவ்வளவு இறுக்கம். ஒரு மைக்ரோமீட்டர் ஆரமுள்ள சந்தின் பிடி சுமார் 1.4 வளிமண்டலம். தேரை அலட்டிக்கொள்ளாமல் ஜெயித்துவிடும். பத்தில் ஒரு மைக்ரோமீட்டர் என்றால் பிடி 14. அங்கே சுவர் ஜெயிக்கும்.

சுவர் நனைந்திருக்கும்போது அகலச் சந்துகள் நிறைந்திருக்கும், தேரை உட்கார்ந்து குடிக்கும். சுவர் காயக் காய அகலச் சந்துகள்தான் முதலில் காலியாகும், எஞ்சிய தண்ணீர் குறுகல்களுக்குள் ஒடுங்கிவிடும். தொட்டால் லேசாக ஈரம் தெரிந்தாலும் தேரைக்கு ஒரு சொட்டுக் கிடைக்காது. இன்னும் காய்ந்தால் ஓட்டம் திரும்பிவிடும், மண் யானை தேரையிடமிருந்து தண்ணீரை உறிஞ்சும்! தேரையும் சும்மா இருப்பதில்லை. சிறுநீர்ப்பையில் சேமித்த நீரை உடலுக்குள் திரும்ப எடுத்துக்கொள்கிறது, யூரியாவை உடலில் சேர்த்து வைத்துத் தன் இழுப்பைக் கூட்டுகிறது. எல்லாம் ஓரளவுக்குத்தான். பிள்ளைகள் கையில் எடுத்தால் பீய்ச்சி அடிக்கிறதே, அது தேரையின் குடத்துத் தண்ணீர். கோடையில் அதைக் கொட்ட வைக்காதீர்கள்.

ஆசிரியைக்கு என் பதில் இதுதான். தேரைக்குத் தனியாகக் கிண்ணம் வேண்டாம், செடிக்கு மாலையில் தவறாமல் ஊற்றுங்கள், போதும். தேங்கிய நீரில் கொசு பத்து நாளுக்குள் முட்டையிலிருந்து பறக்கும் பருவத்துக்கு வந்துவிடும். நனைந்த சுவரில் அது வளராது. ரசாயன உரத்தைக் கை நிறையப் போடாதீர்கள். தண்ணீரோடு கரைந்து கசிந்து தேரை உட்காருமிடத்தில் வெள்ளையாகப் பூக்கும். உப்பும் தண்ணீரை இழுக்கிற கட்சிதான், போட்டியில் அது சுவர்ப் பக்கம் சேர்ந்துகொள்ளும். பூத்திருந்தால் நார் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். ஓட்டைக்குள் கையை மட்டும் விட வேண்டாம். தேரை இருக்கும் இடத்தைப் பாம்பும் தேடி வரும்.

அரணையும் வரலாம். "அரணை நக்கினால் மரணம்" என்று நம் பக்கத்திலும், மலைக்கு அந்தப் பக்கம் மலையாளத்தில் கடிப்பதாக மாற்றியும் சொல்கிறார்கள். அரணைக்கு விஷமே கிடையாது. பழமொழிக்கு எதுகை கிடைத்த பாவத்துக்கு எத்தனை அரணைகள் விளக்குமாற்றடி வாங்கிச் செத்திருக்கின்றன. தேங்காயில் பருப்பு இல்லையென்றால் தேரை மோந்துவிட்டது என்பதும் இதே ரகம்.

இன்னொரு ஆதங்கமும் உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையில் புதிய தவளை இனம் கிடைத்தால் அது தலைப்புச் செய்தி. 2003இல் இடுக்கியின் ஊதாத் தவளை, 2017இல் நம் திருவில்லிபுத்தூர் மலைப்பக்கத்து அதன் உறவினம். மறைந்த கோவை ஆய்வாளர் பூபதியின் பெயரை அதற்கு வைத்தார்கள். மகிழ்ச்சிதான். ஆனால் வீட்டு வாசலில் இருக்கும் சாதாரணத் தேரை பத்து வருடத்தில் கூடியதா குறைந்ததா என்று எண்ணிப் பார்க்கப் பணம் ஒதுக்குவது யாருக்கும் கவர்ச்சியாக இல்லை. ஒரு நோட்டும் ஒரு டார்ச்சும் சில இளைஞர்களுக்குச் சம்பளமும் போதும். என்னைக் கேட்டால் அங்கேதான் முதலில் காசு போடுவேன்.

ஆடியில் சாரல் விழத் தொடங்கியதும் யானை வயிறு காலியாக இருந்தால் ஆசிரியை பதற வேண்டாம். ஊரெல்லாம் ஈரமாக இருக்கும்போது தேரைக்கு அந்தச் சுவர் எதற்கு? குட்டைப் பக்கம் கத்தப் போயிருக்கும். கார்த்திகை மழை ஓய்ந்து தை முடியும்போது, அதுவோ வேறொன்றோ, மறுபடி வந்து காலை அகட்டி உட்காரும்.