ஐஸ்லாந்து செல்ஃப் டிரைவ்: "ஃபுல் இன்ஷூரன்ஸ் போட்டாச்சு"ன்னு கிளம்பாதீங்க

மறுபடியும் ஒரு கார் கதவு. தெற்கு கடற்கரையில வீக்ங்கிற ஊர்ல என் கிளையன்ட் குடும்பம் ஒண்ணு பெட்ரோல் பங்க்ல நிறுத்தியிருக்காங்க, பின் சீட்டு பையன் கதவ திறந்ததும் காத்து அப்படியே பிடுங்கி முன்பக்கமா மடக்கிடுச்சு, கீல் வளைஞ்சு கதவு மூடவே மாட்டேங்குது. உடனே எனக்கு போன். "நாங்கதான் ஃபுல் இன்ஷூரன்ஸ் எடுத்திருக்கோமே சார், கார் கம்பெனிகிட்ட நீங்க ஒரு வார்த்தை பேசிடுங்க." என்னத்த பேசுறது? காத்துல கதவு போனா செலவு உங்களுதுன்னு நீங்க கையெழுத்து போட்ட பேப்பர்லயே இருக்கு. நான் அனுப்புன பிடிஎஃப்லயும் இருந்துச்சு, அதத்தான் யாரும் படிக்கிறதில்லையே.

ட்ரிப் பிளான் பண்ணி குடுக்குறது என் வேலை, ஒவ்வொரு சீசனும் இதே பஞ்சாயத்து, அதனால ஒரு தடவை விலாவாரியா எழுதிடுறேன். வாடகையிலயே சேர்ந்து வர்றது சிடிடபிள்யூ, அதாவது வண்டி அடிபட்டா உங்க செலவுக்கு ஒரு வரம்பு வைக்கிற அடிப்படை கவர். அது இருந்தாலும் செல்ஃப் ரிஸ்க்னு ஒரு தொகை உங்க தலையில தான். சூப்பர் சிடிடபிள்யூ எடுத்தா அந்த தொகை குறையும், அவ்வளவுதான். கிராவல் புரொடெக்ஷன்ங்கிறது எதிர்ல வர்ற வண்டி தெறிக்க விடுற கல்லுக்கு, அதாவது கண்ணாடி, ஹெட்லைட், பெயின்ட். சாண்ட் அண்ட் ஆஷ்ங்கிறது தெற்கு கடற்கரைக்கு. அங்க மிர்தால்ஸ்சாந்துர், ஸ்கெய்தராவுர்சாந்துர்னு கறுப்பு மணல் வெளி இருக்கு, காத்து கிளம்பினா காரோட பெயின்ட உப்புத்தாள் வச்சு தேய்ச்ச மாதிரி உரிச்சுடும். இது நாலையும் போட்டுட்டு மேல ஜீரோ செல்ஃப் ரிஸ்க்னு இன்னொண்ணும் வாங்கிட்டு நிம்மதியா கிளம்பிடுறாங்க. ஆனா பெரும்பாலான கம்பெனிகள்ல அப்பவும் மூணு விஷயம் வெளியதான் நிக்கும்: காத்துல மடங்குற கதவு, காரோட அடிபாகம், ஆத்துல தண்ணி புகுந்த இன்ஜின். அந்த நாட்டுல கார் எதனால வீணாப்போகுமோ கரெக்டா அந்த மூணு. எக்ஸ்ட்ரா காசு கட்டினா கதவையும் சேர்க்குற கம்பெனி சிலது இருக்கு, ஆனா அத கேட்டு எழுத்துல வாங்கணும், "எல்லாம் கவர் ஆகும்னு கவுண்டர்ல இருந்த பொண்ணு சொல்லுச்சு"ங்கிறது எங்கயும் செல்லாது.

சரி, கதவ எப்படி காப்பாத்துறது? வண்டிய மூக்கு காத்துக்கு எதிரா இருக்குற மாதிரி நிறுத்துங்க. இறங்குறதுக்கு முன்னாடி கண்ணாடிய லேசா இறக்கி பாருங்க. ரெண்டு கையாலயும் கதவ புடிச்சு திறங்க, ஒரு நேரத்துல ஒரு கதவு மட்டும். குழந்தைங்கள கதவ தொடவே விடாதீங்க, சைல்ட் லாக் அதுக்குத்தான் இருக்கு.

இதுல இன்னொரு கூத்து, அந்த ஊர் வானிலை சைட்ல காத்து வேகம் ஒரு செகண்டுக்கு எத்தன மீட்டர்னு தான் போட்டிருக்கும். நம்மாளு 20னு பார்த்துட்டு "வெறும் 20 தான், நம்ம பீச் காத்து"ங்கிறாரு. 3.6ஆல பெருக்குங்க சார், 72 கிலோமீட்டர் வருது. அதுலயும் அது சராசரி, மலை ஓரத்துல திடீர்னு அடிக்கிற வீச்சு அதுக்கும் மேல போகும். நான் என் கிளையன்ட்ஸ்க்கு சொல்றது, 15ஐ தாண்டினா கேம்பர்வேன, அதான் உள்ளயே படுத்து தூங்குற உயரமான வேன, எடுக்காதீங்க. ஆரஞ்சு எச்சரிக்கை வந்தா ஹோட்டல விட்டே கிளம்பாதீங்க, அடுத்த ராத்திரி ரூம் காசு போனா போகட்டும். காலைல எந்திரிச்சதும் வேதுர் டாட் ஐஎஸ்ல (vedur.is) காத்து, உம்ஃபெர்தின் டாட் ஐஎஸ்ல (umferdin.is) ரோடு, இந்த ரெண்டையும் பார்த்துட்டு அப்புறம் காபி குடிங்க.

அடுத்து எஃப் ரோடு. உள்நாட்டு மலைப்பகுதிக்கு போற மண் ரோடுங்க, நம்பருக்கு முன்னாடி எஃப் போட்டிருக்கும். ஃபோர் வீல் டிரைவ் இல்லாம அதுல ஏறக்கூடாதுங்கிறது சட்டம், சாதா கார்ல ஏறி மாட்டினா நீங்க வாங்கின எல்லா கவரும் அந்த நிமிஷமே காலி. "நாங்க ஃபோர் வீல் தான் எடுத்திருக்கோம்"னு சொல்றவங்களுக்கும் சேர்த்துதான் சொல்றேன், சின்ன டஸ்டர் எடுத்துட்டு தோர்ஸ்மோர்க் பள்ளத்தாக்குக்கு போறேன்னு நிக்காதீங்க, வழியில க்ரோசா ஆறு இருக்கு. அது பனிப்பாறைல இருந்து வர்ற தண்ணி, காலைல முழங்கால் அளவு இருந்தது சாயங்காலம் இடுப்புக்கு வரும், நேத்து ஒருத்தன் யூடியூப்ல கடந்த இடத்துல இன்னைக்கு பள்ளம் இருக்கும். எதிர்பக்கம் போன வண்டிய பார்த்துட்டு பின்னாடியே இறங்குறாங்க, அவன் வண்டியோட உயரம் என்ன, டயர் என்னன்னு யாரும் பார்க்குறதில்ல. லான்ட்மன்னலாய்கர்ங்கிற மலைப்பகுதி, தோர்ஸ்மோர்க் ரெண்டுக்கும் கோடையில தலைநகர் ரெய்க்யாவிக்ல இருந்தே ஹைலேண்ட் பஸ் போகுது. அதுல போங்க, அந்த டிரைவர் தினம் அந்த ஆத்த கடக்குறவர். இத சொன்னா "பஸ்ஸா?"ன்னு மூஞ்ச சுளிக்கிறாங்க.

மத்ததெல்லாம் வேகமா சொல்லிடுறேன். அங்க வண்டி ரைட் சைடு, நமக்கு பழக்கமில்ல, ராத்திரி பூரா ஃப்ளைட்ல வந்துட்டு கெஃப்லாவிக் ஏர்போர்ட்ல சாவிய வாங்கின கையோட 300 கிலோமீட்டர் ஓட்டாதீங்க, தூங்கி எந்திரிச்சு ஓட்டுங்க. தார் ரோட்ல 90, மண் ரோட்ல 80 தான் லிமிட், ஆனா தார் முடிஞ்சு மண் ஆரம்பிக்கிற இடத்துல 80ல போனாலும் வண்டி வழுக்கும். ஒரு நேரத்துல ஒரு வண்டி மட்டும் போற ஒத்தை லேன் பாலம் வந்தா வேகத்த குறைங்க, எதிர்ல வண்டி வந்தா நின்னு வழி விடுங்க, யாரு முதல்லங்கிற போட்டியெல்லாம் வேணாம். 2018 டிசம்பர்ல நூப்ஸ்வோத்ன் ஆத்துப் பாலத்துல ஒரு இந்திய வம்சாவளி பிரிட்டிஷ் குடும்பத்தோட கார் கீழ விழுந்து மூணு பேர் போயிட்டாங்க, அதுல ஒண்ணு கைக்குழந்தை. ஆட்டுக்கு வேலி கிடையாது, தாய் ஒரு பக்கம் குட்டி ஒரு பக்கம் நின்னா குட்டி கண்டிப்பா குறுக்க ஓடும். போட்டோவுக்காக ரோட்டு நடுவுல வண்டிய நிறுத்துறத தயவுசெஞ்சு விட்டுடுங்க. பாசி மேல வண்டிய ஏத்தினா சட்டப்படி குத்தம், ஃபைன் பலமா விழும். ஆளில்லாத பங்க்ல பின் நம்பர் உள்ள கார்டு இல்லன்னா பெட்ரோல் வராது, வீட்லயே பின் நம்பர சரிபார்த்துக்கோங்க. ரெய்னிஸ்ஃபியாரா பீச்ல அலை ஆபத்துன்னு சிவப்பு லைட் எரிஞ்சா தண்ணி பக்கம் போகாதீங்க, கடலுக்கு முதுகு காட்டி நின்னு செல்ஃபி எடுக்குறது லைட் எரியாட்டியும் வேணாம்.

மாட்டிக்கிட்டா அவசர நம்பர் 112. தேடி வர்றவங்க பெரும்பாலும் சம்பளம் வாங்காத வாலண்டியர்ஸ், அவங்க வேலைய போட்டுட்டு ராத்திரில பனியில வர்றாங்க. மூடின ரோட்ல தடுப்ப சுத்திப் போயிட்டு அவங்கள கூப்பிடாதீங்கப்பா, கெஞ்சி கேட்டுக்கிறேன்.

கடைசியா பிளான். நாட்டையே சுத்தி வர்ற ரிங் ரோடு சுமார் 1,320 கிலோமீட்டர், அஞ்சு நாள்ல சுத்திடலாம்னு வர்றவங்ககிட்ட நான் கேக்குறது ஒண்ணுதான், எங்க இறங்குவீங்க? பத்து நாள் இல்லன்னா தெற்கு பக்கம் யோகுல்சார்லோன் பனிப்பாறை ஏரி வரைக்கும் போயிட்டு திரும்புங்க, அதுவே ரெய்க்யாவிக்ல இருந்து ஒரு வழி 370 கிலோமீட்டர் கிட்ட வருது. டிசம்பர் கடைசில ரெய்க்யாவிக்ல காலைல பதினொண்ணே காலுக்கு மேலதான் சூரியன் வரும், மத்தியானம் மூணரைக்கு போயிடும், அந்த நாலு மணி நேரத்துக்குள்ள எவ்வளவு ஓட்ட முடியுமோ அவ்வளவுதான் பிளான். எஃப் ரோடுங்க பொதுவா ஜூன்ல தான் திறக்க ஆரம்பிக்கும், செப்டம்பர்ல மூட ஆரம்பிச்சுடும். அதனால டிக்கெட் போடுறதுக்கு முன்னாடி தேதிய சொல்லுங்க. ஆஃபர்ல ஏப்ரல் டிக்கெட்ட போட்டுட்டு வந்து "லான்ட்மன்னலாய்கர எப்படியாவது சேர்த்துடுங்க"ன்னா, அந்த ரோட்ட நான் போயி திறக்க முடியாது.