வெந்தும் வெளுக்காத சொசேஜ்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் இருக்கும் என் அத்தை முப்பது வருஷம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். போன மாதம் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். பேரனுக்குப் பள்ளிக்கூடத்துக்குக் கட்டிக்கொடுக்கக் கோழி சொசேஜை வெந்நீரில் போட்டுக்கொண்டே கேட்டார்: "ஏம்பா, கோழிய எவ்வளவு நேரம் கொதிக்க வச்சாலும் வெளுத்துப்போயிடுது. இது மட்டும் ஏன் ரோஸ் கலராவே கெடக்கு?"

சில கம்பெனிகள் சாயமும் சேர்ப்பார்கள். ஆனால் அந்த ரோஸ் நிறத்தின் மூலகாரணம் சோடியம் நைட்ரைட் என்ற உப்பு. பாக்கெட்டின் பின்பக்கம் 250 என்ற எண்ணாகவும் அது உட்கார்ந்திருக்கும்.

இறைச்சியின் சிவப்புக்குக் காரணம் மயோகுளோபின் என்ற புரதம். அதன் நடுவே ஹீம் என்ற சிறு வளையமும், வளையத்துக்குள் ஓர் இரும்பு அணுவும் இருக்கின்றன. சாதாரணமாகச் சமைக்கும்போது சூட்டில் புரதம் குலைந்து, இரும்பின் நிலை மாறி, கறி பழுப்பாகவோ வெளுப்பாகவோ ஆகிவிடுகிறது. நைட்ரைட் கலந்த இறைச்சியில் கதை வேறு. நைட்ரைட்டிலிருந்து பிறக்கும் நைட்ரிக் ஆக்சைடு அந்த இரும்பை இறுகப் பற்றிக்கொள்கிறது. புரதம் வெந்து குலைந்தாலும் பிடி தளர்வதில்லை. அதனால்தான் அத்தையின் சட்டியில் நிறம் போகவில்லை.

நிறத்துக்காக மட்டும் இதைப் போடவில்லை. குளோஸ்ட்ரிடியம் போட்டுலினம் என்ற கிருமி மண்ணில் வாழ்வது. அதன் வித்துகள் கொதிநீரிலும் சாகாது. காற்றுப் புகாத இடம்தான் அதற்குப் பிடிக்கும். சொசேஜின் உட்புறத்தைவிட வசதியான இடம் எது? அங்கே வளர்ந்து, நரம்புகளை முடக்கும் நஞ்சைக் கக்கும். 1820களில் ஜெர்மனியின் வூர்ட்டம்பெர்க் பகுதியில் சொசேஜ் தின்றவர்கள் மூச்சடைத்துச் செத்ததை யுஸ்டினுஸ் கெர்னர் என்ற மருத்துவர் விரிவாக எழுதிவைத்தார். மனிதர் கவிஞரும்கூட. நோய்க்கு வந்த போட்டுலிசம் என்ற பெயரே சொசேஜைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து பிறந்ததுதான். நைட்ரைட் இந்தக் கிருமியைத் தலைதூக்க விடாது. ஆக, அதை வில்லன் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவது நியாயமில்லை. இன்றைக்குச் சாகவிடாமல் காப்பாற்றுகிற பொருள்தான் அது. தொல்லை பிற்பாடு வருகிறது.

அந்தத் தொல்லை வயிற்றில் தொடங்குகிறது. கோப்பையில் சேர்ந்த ரப்பர் பாலை உறைய வைக்க ஆசிட் ஊற்றுவது தோட்டத்தில் எல்லோரும் பார்த்த வேலை. நம் இரைப்பையிலும் ஆசிட் இருக்கிறது. அந்தப் புளிப்பில் நைட்ரைட், புரதத்திலிருந்து வரும் அமீன்களோடு சேர்ந்து நைட்ரோசமீன் என்ற வகைச் சேர்மங்களை உண்டாக்கும். அதிகச் சூட்டில் வறுக்கும்போது வாணலியிலேயேகூட உண்டாகலாம். 1956-இல் மகீ, பார்ன்ஸ் என்ற இரு பிரிட்டிஷ் ஆய்வாளர்கள், இந்த வகையில் ஒன்று எலிகளுக்கு ஈரல் புற்றுநோயைக் கொண்டுவருவதைக் காட்டினார்கள்.

இந்த நைட்ரோசமீனுக்கும் ரப்பருக்கும்கூட உறவு உண்டு. ரப்பரைக் கந்தகத்தோடு சேர்த்து வேகவைக்கும்போது, வேலை சீக்கிரம் முடியச் சில ரசாயனங்கள் போடுவார்கள். அவற்றிலிருந்து அமீன்கள் பிரிந்து நைட்ரோசமீனாக மாறக்கூடும். குழந்தைகளின் ரப்பர் சூப்பானில் இது எவ்வளவு இருக்கலாம் என்று சில நாடுகள் வரம்பே வைத்திருக்கின்றன. மரம் சீவியவர்களுக்கு இதில் ஆபத்தில்லை. இது தொழிற்சாலைக்குள் நடப்பது.

உடம்புக்குள் நைட்ரோசமீன் செய்யும் வேலை சின்னதுதான். உருமாறி, டிஎன்ஏ எழுத்துகளில் ஒன்றின்மேல் ஒரு சிறு வேதித் துண்டை ஒட்டிவிடுகிறது. செல் பிரிவதற்காக டிஎன்ஏயைப் படியெடுக்கும்போது அந்த எழுத்தைத் தப்பாகப் படித்துவிடுகிறது. பெருங்குடலின் உட்தோல் நான்கைந்து நாளுக்கு ஒருமுறை புதிதாகிறது. அவ்வளவு அடிக்கடி படியெடுக்கும் இடத்தில், பிழை நிரந்தரமாக வாய்ப்பும் அவ்வளவு அதிகம். பெரும்பாலான பிழைகளை உடம்பே திருத்திவிடும். வருஷக்கணக்கில் தினமும் பிழை சேர்ந்தால் ஒன்றிரண்டு தப்பிவிடும். மாட்டிறைச்சி, பன்றி இறைச்சியில் நிறைய இருக்கும் ஹீம், குடலில் இந்தச் சேர்மங்கள் உண்டாவதை மேலும் தூண்டுகிறது.

உடம்புக்குள் நைட்ரைட்டாக மாறக்கூடிய நைட்ரேட் கீரையிலும் இருக்கிறதே என்று கேட்பவர்கள் உண்டு. இருக்கிறது, நிறையவே. ஆனால் கீரையில் ஹீம் கிடையாது, வைட்டமின் சி உண்டு. அது நைட்ரோசமீன் உண்டாவதைத் தடுக்கும். சொசேஜ் கம்பெனிகளே அதனால்தான் வைட்டமின் சி-யின் உப்பைக் கலவையில் சேர்க்கின்றன.

2015 அக்டோபரில் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, சொசேஜ் போன்ற பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய் உண்டாக்குபவற்றின் முதல் பிரிவில் சேர்த்தது. புகையிலையும் அதே பிரிவில்தான். உடனே "சொசேஜும் சிகரெட்டும் ஒன்று" என்று வாட்ஸ்ஆப்பில் சுற்றவிட்டார்கள். எனக்கு எரிச்சல் தந்த செய்தி அது. அந்தப் பிரிவு சொல்வது, புற்றுநோய் வரும் என்பதற்கான ஆதாரம் எவ்வளவு உறுதி என்பதை. ஆபத்து எவ்வளவு பெரிது என்பது தனிக் கணக்கு. புகையிலையால் உலகில் வருஷத்துக்கு ஏறக்குறைய 10 லட்சம் புற்றுநோய் மரணங்கள். பதப்படுத்திய இறைச்சி அதிகமுள்ள உணவால் சுமார் 34,000 என்பது மதிப்பீடு.

அந்த முகமை சொன்ன இன்னொரு எண்: தினமும் 50 கிராம் சாப்பிட்டால் பெருங்குடல் புற்றுநோய் ஆபத்து 18 சதவீதம் கூடும். ஏறத்தாழ ஒரு சொசேஜ். நூறு பேரில் 5 பேருக்கு வாழ்நாளில் இந்த நோய் வரும் என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். அந்த நூறு பேரும் தினமும் அவ்வளவு தின்றால் 5 என்பது 6-ஐ நெருங்கும். பயந்து நடுங்கும் அளவில்லை. ஆனால் மலேசிய ஆண்களிடையே அதிகம் காணப்படும் புற்றுநோய் இதுதான் என்னும்போது, அந்த ஒருவரையும் அலட்சியப்படுத்த முடியாது.

"இது கோழிதானே, மாடா பன்றியா?" என்றார் அத்தை. நம் வீடுகளில் எல்லோரும் கேட்பதுதான். கோழியில், அதுவும் நெஞ்சுக்கறியில், ஹீம் குறைவு. அந்த ஒரு வழி ஓரளவு அடைபடுகிறது. மனிதர்களிடம் செய்த ஆய்வுகள் பெரும்பாலும் மாடு, பன்றி இறைச்சியை வைத்து நடந்தவை என்பதும் உண்மை. ஆனாலும் முகமையின் வரையறையில் கோழியும் அடக்கம். போடுவது அதே நைட்ரைட். அதனால் கோழி என்பதற்காகப் பாதி மன்னிப்புத்தான் கொடுப்பேன். உப்பு வேறு இருக்கிறது. ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் போதும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கு. சம்பலும் குழம்பும் போக சொசேஜுக்கு எங்கே இடம்? பிரஷர் இருப்பவர்களுக்குப் புற்றுநோயைவிட இதுவே முதல் கவலை. அப்புறம், பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் கரிய வாட்டித் தருவார்களே, அந்தக் கருகலில் புற்றுநோய் உண்டாக்கும் வேறு சேர்மங்களும் உண்டு.

அத்தை எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மறுநாள் காலையில் பேரனின் டப்பாவில் அவித்த முட்டையும் நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோறும் இருந்தன. மிச்ச சொசேஜ் ஐஸ்பெட்டியிலேயே இருந்தது. "தூக்கிப் போடலியா அத்தை?" என்றேன். "காசு குடுத்து வாங்குனதாச்சே," என்றார். "சனிக்கெழம செஞ்சு குடுத்துக்கலாம்."